செருப்பு மட்டும் நிலுவையில்

குழந்தைகளோடு மாயாஜாலப் படம் பார்க்க உட்காரும் பெரியவர்களில் பல ரகம் உண்டு. பெயர் போட்டு முடிவதற்குள் குறட்டை விடுகிறவர். "இப்ப பாரு, ஆப்பிளைக் கடிக்கப் போறா" என்று கதையை முன்கூட்டியே உடைக்கிறவர். "குழந்தைக்காகத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, கடைசிக் காட்சியில் கைக்குட்டையைத் தேடுகிறவர். இவர்களையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாத ரகம் ஒன்றுண்டு: தணிக்கையாளர். எங்கள் வீட்டில் அது பெரியப்பா.

அவர் நிஜமாகவே தணிக்கை வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். கணக்கில் ஐம்பது பைசா இடிக்கிறது என்று ஓர் அலுவலகத்தையே ராத்திரி ஒன்பது மணிவரை உட்கார வைத்த கதையை ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். "ஐம்பது பைசாதானே சார், தள்ளுபடி பண்ணிடலாம்" என்று காசாளர் கெஞ்சினாராம். "தள்ளுபடியா? அந்த வார்த்தையே என் பேனாவுல வராதுய்யா" என்றாராம் இவர். கதையின் இந்த இடத்தில் பெரியம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை டிஸ்னியின் 'சிண்ட்ரெல்லா' ஓடிக்கொண்டிருந்தது. 1950இல் வந்த பழைய கார்ட்டூன். ஏழு வயதுப் பேத்தி முறுக்குக் கிண்ணத்தோடு தரையில், பெரியப்பா ஈசிசேரில். மணி பன்னிரண்டு அடித்தது. வண்டி மறுபடி பூசணிக்காயானது, குதிரைகள் எலிகளாயின, கவுன் கந்தலானது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆட்சேபம் வரப்போகிறது என்பதற்கு அதுதான் மணி.

"எல்லாச் சொத்தும் பன்னெண்டு மணிக்குத் திரும்பிடுச்சு. செருப்பு மட்டும் எப்படி நிலுவையில நிக்குது?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"சரி, அதை விடு. படிக்கட்டுல ஒத்தைச் செருப்பு கிடந்ததுன்னா இன்னொண்ணு யார் பொறுப்புல இருக்கு? ரசீது உண்டா?"

எனக்கும் கொஞ்சம் விஷமம் உண்டு. கிரிம் சகோதரர்கள் எழுதிய கதையில் மூத்த சகோதரி செருப்புக்குள் காலை நுழைப்பதற்காகக் கட்டைவிரலையே வெட்டிக்கொள்கிறாள், செருப்பில் ரத்தம் என்று புறாக்கள் இளவரசனுக்குக் காட்டிக்கொடுக்கின்றன என்று எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பாவின் முகம் மலர்ந்தது.

"புறாவா? பேஷ். அப்ப உள்தணிக்கை இருந்திருக்கு!"

'ஃப்ரோசன்' என்றால் இன்னும் விசேஷம். அதைப் பேத்தி எத்தனை தடவை பார்த்தாள் என்ற கணக்கு பெரியப்பாவிடமே இல்லை. எல்சா கையை வீசி மலைமேல் பனி மாளிகை எழுப்பும்போது வீட்டில் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். பெரியப்பா மட்டும், "அனுமதி வாங்கினாளா?" என்பார். நட்ட நடு ஜூலையில் ஊரும் துறைமுகமும் உறைந்துபோனதில், ஐஸ் வெட்டி விற்றுப் பிழைக்கும் கிறிஸ்டாஃபைப் பற்றி அவருக்குத் தனிக் கவலை. ஊரே ஐஸானால் அவனிடம் ஐஸ் வாங்க யார் வருவார்கள்? போதாக்குறைக்கு அவனுடைய பனிச்சறுக்கு வண்டியும் பள்ளத்தில் விழுந்து எரிந்துபோகிறது. கடைசியில் எல்சாவின் தங்கை ஆனா அவனுக்குப் புது வண்டி வாங்கித் தருகிற காட்சியில்தான் பெரியப்பாவின் தோள் தளரும். "நஷ்டஈடு கொடுத்துட்டாங்க. நேர்மையான அரசாங்கம்." அக்கா தங்கை பாசத்தில் உலகமே உருகிய படத்தில் இந்த மனிதரை உருக்கியது இதுதான். உண்மையைச் சொன்னால், இவர் ஊரில் இல்லாத நாளில் அந்தப் படம் எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது.

இந்தக் கழுகுக் கண் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் மூடிக்கொள்ளும். 'மாயாபஜார்'. கே.வி. ரெட்டி 1957இல் தெலுங்கிலும் தமிழிலுமாக எடுத்தது. எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு அது வந்து சேர்ந்தபோது பெரியப்பாவுக்குப் பத்து வயது. மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாராம். பின்னால் இருந்தவன் அந்த மணல்மேட்டைக் காலால் தட்டிவிட்டதை இன்றுவரை மன்னிக்கவில்லை.

சிண்ட்ரெல்லா முடிந்த கையோடு, "நல்ல படம்னா என்னன்னு காட்டறேன் வா" என்று அதைப் போடச் சொன்னார். கருப்பு வெள்ளையைப் பார்த்துப் பேத்தி முதலில் முகம் சுளித்தாள். எஸ்.வி. ரங்காராவ் கதாயுதத்தோடு வந்து நின்றதும் முறுக்குக் கடிக்கும் சத்தம் நின்றது. கல்யாணச் சமையல் முழுவதையும் கடோத்கஜன் ஒற்றை ஆளாகக் காலி செய்யும் கட்டம் வந்தது. லட்டுகள் தட்டிலிருந்து தாமாக எழும்பி வரிசையாக அவர் வாய்க்குள் பறந்தன. ஒவ்வொரு லட்டுக்கும் பெரியப்பாவின் வாய் லேசாகத் திறந்து மூடியது.

"தாத்தா, லட்டு எப்படிப் பறக்குது?"

"அவன் கடோத்கஜன்மா. மாயம் தெரிஞ்சவன்."

"எல்சாவுக்கும் தெரியுமே. அவகிட்ட மட்டும் ஏன் அனுமதி கேட்டீங்க?"

பெரியப்பாவின் கை கண்ணாடிவரை போய்த் திரும்பியது. பேத்தி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள். அண்டாக்கள் காலியாகக் கிடக்க, ரங்காராவ் பாதிச் சிரிப்பில் உறைந்து நின்றார்.

"இவ்வளவு சாப்பாட்டையும் இவரே சாப்பிட்டுட்டார். கல்யாணத்துக்கு வந்தவங்களுக்கு என்ன போடுவாங்க? யார் கணக்கு இது?"

அடுக்களையிலிருந்து பெரியம்மா கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றார். பெரியப்பா எங்கள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"தள்ளுபடி பண்ணியாச்சும்மா. படத்தைப் போடு."