வெட்டாத மரத்துக்கும் கூலி

வாடா பேராண்டி! மர ஆலோசகன் ஆவப் போறியாமே? உங்கப்பன் தறிக்குழியில காலைத் தொங்கப்போட்டே இடுப்பொடிஞ்சான். நீ நிழல்ல நின்னு வாயாலயே சம்பாதிக்கப் போறே. பொழைக்கத் தெரிஞ்ச புள்ள.

முறைக்காதே. நம்ம ஊரு தாமல்ல வேப்பமரம் லேசா சாஞ்சா யாரைக் கூப்பிடறோம்? மரம் வெட்டுறவரை. ஆளு வர்றப்பவே கயிறும் ரம்பமும் கூட வருது, பின்னாலயே மரவாடி வண்டியும் வருது. அண்ணாந்து பார்க்கிறாரு. அடிமரம் எத்தனை டன்னு தேறும்னு மனசுக்குள்ள கணக்கு ஓடுது. "ஆபத்துங்க, இன்னைக்கே இறக்கிடணும்"ங்கறாரு. அவர் கண்ணுல பட்டு எந்த மரமாச்சும் பொழைச்சிருக்கா? அங்கதான் உனக்குப் பொழப்பு. வெட்டச் சொன்னாலும் விடச் சொன்னாலும் உனக்கு ஒரே கூலி. அமெரிக்காவுல இதுக்குன்னே 1967-லயே சங்கம் வச்சுட்டாங்க. பக்கத்து வீட்டுக்காரனோட மரத் தகராறுன்னா கோர்ட்டுல சாட்சி சொல்லக்கூட இந்த ஆளுங்க போவாங்க.

அதுக்காக எல்லா மரத்தையும் கட்டிப்புடிச்சு அழுவாதே. ஹவுரா தாவரத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்துக்குப் பூஞ்சை புடிச்சு நடுமரம் அழுகிப்போச்சு. 1925-ல அதை எடுத்துட்டாங்க. விழுதுங்க தாங்கி நிக்குது, மரம் இன்னமும் பரவிக்கிட்டே போவுது. வெட்டுன்னு சொல்லவும் தைரியம் வேணும்.

எப்படி ஆவறதா? மேட்டுப்பாளையத்துல வனக் கல்லூரி இருக்குது. தோட்டக்கலை படிச்சாலும் பாதகமில்ல. பெறவு 1924-ல ஆரம்பிச்ச பன்னாட்டு மரவளர்ப்புச் சங்கத்தோட பரீட்சை, 200 கேள்வி. ஆனா உள்ள விடறதுக்கு முன்னாடி மரத்து வேலை செஞ்ச அனுபவம் கேப்பான். படிப்பு இல்லேன்னா மூணு வருஷம். யூடியூப் பார்த்த அனுபவம் செல்லாது கண்ணு.

கையில ஒரு கொட்டாப்புளி வச்சுக்கோ. அடிமரத்தைச் சுத்தித் தட்டிக்கிட்டே வா. ணங்குன்னா கட்டை கெட்டி, டொப்புன்னா உள்ள பொந்து. பொந்து இருக்குன்னு பயந்துடாதே, சுத்தி எவ்ளோ கெட்டிக் கட்டை மிச்சம்னு பாரு. அந்தப் பொந்துல சிமெண்ட்டைக் கொட்டி அடைக்கிற புண்ணியவான் வருவான், விரட்டு. மரம் காத்துல ஆடும், சிமெண்ட் ஆடாது. நடுவுல தண்ணி இறங்கி இன்னும் அழுகும். கிளையை அறுக்கறப்ப அடிமரத்தோட ஒட்ட வழிக்கக் கூடாது. கிளை பொறக்கிற இடத்துல ஒரு தடிப்பு தெரியும் பாரு, அதைத் தொடாம வெளிய அறுக்கணும். வெட்டுவாயைச் சுத்திப் புதுக்கட்டை வளர்ந்து மூடறது அந்தத் தடிப்புலேர்ந்துதான். மேல பார்த்துட்டு வந்துடாதே, வேரையும் பாரு. கேபிளுக்குப் பள்ளம் தோண்டி வேரை அறுத்துட்டு, அடிவரைக்கும் சிமெண்ட்டையும் பூசிடறான். 2016-ல வர்தா புயல் அடிச்சப்ப சென்னையில மரமா சாஞ்சுது. பழி மட்டும் மொத்தமும் காத்து மேல.

அப்புறம் காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தைக் காட்டி வயசு கேப்பாங்க. 3,500 வருஷம், நாலு கிளை நாலு வேதம், நாலு ருசின்னு ஊரே சொல்லுது. நீ போய் வளையம் எண்ணிச் சொல்றேன்னு நிக்காதே. தேக்குன்னா வருஷ வளையம் தெளிவா விழும், நம்ம ஊரு வெயில்ல மாமரத்துக்கு அப்படி விழாது. இலை எப்படியிருக்கு, வேர் எப்படியிருக்குன்னு சொல்லிட்டு, குருக்கள் குடுக்கிற விபூதியை வாங்கிக்கிட்டு வந்து சேரு.

சரி, முதல் கிராக்கி நானே புடிச்சுத் தரேன். உங்க மாமன் வீட்டு வாசல் வேப்பமரம். கார் ஷெட் போட இடைஞ்சலாம். மரம் தெருவுல நிக்குது, வெட்டணும்னா மாவட்டப் பசுமைக் குழு கிட்ட அனுமதி வாங்கணும். "உள்ள செல்லரிச்சுப் போச்சு"ன்னு எழுதிக் குடுக்க ஆள் தேடுறாரு. நேத்து நான் தட்டிப் பார்த்தேன், ணங்குன்னுதான் இருக்கு. அவர் பொண்ணு மேல உனக்கு ஒரு கண்ணுன்னு ஊருக்கே தெரியும். அறிக்கையைப் பொண்ணு கேக்கறதுக்கு முன்னாடி குடுப்பியா, பின்னாடி குடுப்பியா?