ஆட்டு வேஷத்துக்குப் பஞ்சு வாங்கணும்

ஹாலே, ஜெர்மனி
ஆகமனக் காலம், இரண்டாம் ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

போனில் பேசும்போது எனக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்டாய். ஆஸ்துமா இல்லை, டிசம்பர்.

பாளையங்கோட்டையில் பண்டிகை வேலை குறைவா என்ன? வெள்ளையடிக்கணும், தையல்காரர் வாசலில் தவம் கிடக்கணும், முந்திரிக்கொத்து உருட்டணும். ஆனால் உருட்ட நாலு சித்திமார் வந்துவிடுவார்கள்; கை வேலையில் இருந்தாலும் வாய்க்கு நல்ல தீனி. இங்கே பண்டிகைக்கு முந்தியே ஆபீஸில் ஒரு விழா, பாலர் பள்ளியில் ஒரு விழா, நீச்சல் வகுப்பில் ஒரு விழா. நீச்சலுக்கும் இயேசு பிறப்புக்கும் என்ன சம்பந்தம் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன், "பிஸ்கட்" என்றார்கள். உண்மைதான். எல்லா விழாவுக்கும் வீட்டில் சுட்ட பிஸ்கட் கொண்டுபோகணும். 5ஆம் தேதி ராத்திரி பிள்ளையின் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைத்தால், விடிவதற்குள் நிக்கோலஸ் வந்து மிட்டாய் போடுவார். அந்த நிக்கோலஸ் அலாரம் வைத்து எழுந்து, நைட்டியோடு நடந்தாள் என்பது உன்னோடு இருக்கட்டும். 24 மத்தியானத்தோடு கடைகளைச் சட்டப்படி அடைத்துவிடுவார்கள்; 25, 26 லீவு. அதனால் 23ஆம் தேதி கடைக்குப் போனால், ஊருக்கே பஞ்சம் வரப்போகிறதோ என்று பயமாக இருக்கும். போதாததற்கு, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு.

சீகன்பால்கு ஐயர் படித்த ஊர் அக்கா இது. ஏழு மாதத்துக்கு மேல் கப்பலில் அலைந்து 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, நமக்குச் சமாதானத்தின் செய்தி சொன்ன மனுஷர். அவர் ஊருக்கு விமானத்தில் வந்து இறங்கிய நான் மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன். இந்த ஊரில் பிராங்கே என்ற ஐயர் கட்டின அநாதை விடுதி இன்னும் நிற்கிறது. நம்ம பனையோலைச் சுவடிகளை அந்த வளாகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒருநாள் போய்ப் பார்க்கணும் என்பதும் என் பட்டியலில் இருக்கிறது, பிஸ்கட்டுக்குக் கீழே.

மேஜைமேல் ஊசியிலைக் கிளையில் ஒரு வளையம் செய்து, நாலு மெழுகுவர்த்தி நட்டு, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவது இங்கே வழக்கம். 1839-இல் ஹாம்பர்க்கில் விக்கர்ன் என்ற ஐயர் தொடங்கியது. அவர் நடத்திய விடுதியில் ஏழைப் பிள்ளைகள் "பண்டிகை எப்போ, எப்போ" என்று நச்சரிக்க, ஒரு வண்டிச் சக்கரத்தில் 20 சின்ன சிவப்பு வத்தி, 4 பெரிய வெள்ளை வத்தி வைத்து, தினம் ஒன்று ஏற்றிக் காட்டினாராம். நச்சரிக்கிற ஆள் எங்கள் வீட்டிலும் உண்டு. அதனால் குடும்ப ஜெபத்தை அந்த வளையத்துக்கு முன்னால் மாற்றிக்கொண்டோம்.

போன வாரம் முதல் வத்தி. ஜெபம் செய்ய என் முறை. கண்ணை மூடி "அன்பின் ஆண்டவரே" என்று ஆரம்பித்தேன். பிறகு வந்ததெல்லாம் வெண்ணெய், முட்டை, ஆட்டு வேஷத்துக்குப் பஞ்சு, ஆபீஸில் சீட்டு விழுந்த ஆளுக்குப் பரிசு. பிள்ளை பயபக்தியாக "ஆமென்" சொன்னான். இவங்களுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

சிரித்து முடித்தபின் நெஞ்சு லேசாக இருந்தது அக்கா. யாரிடம் சொல்லணுமோ அவரிடம்தானே சொல்லியிருக்கிறேன்! மறுநாள் வேண்டுமென்றே பட்டியலைக் கையில் வைத்து ஜெபித்தேன். ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்ததை எல்லாம் பேனாவால் அடித்தேன். எதிர்வீட்டம்மாவைவிடப் பெரிய நட்சத்திரம் வாங்கும் திட்டம் முதலில் போனது. மூன்று வகை பிஸ்கட் ஒன்றாயிற்று. பஞ்சு தப்பித்தது. அன்றைக்கு ஒன்பது மணிக்கே படுத்துத் தூங்கினேன். வேலை தீர்ந்துவிடவில்லை; என்னால்தான் கிறிஸ்து பிறந்தாகணும் என்ற பதற்றம் போய்விட்டது.

24 சாயங்காலம் கோயிலில் பிள்ளைகள் நாடகம். இவன் ஆடு, இரண்டு இடத்தில் "மே". மற்ற ஞாயிறுகளில் காலியாகக் கிடக்கும் பெஞ்சுகளில் அன்றைக்கு உட்கார இடம் கிடைக்காது, சீக்கிரம் போகணும்.

உங்கள் விடியற்காலை நாலு மணி ஆராதனை இங்கே 24 ராத்திரி பதினொன்றரை. வீடியோ காலைப் போட்டு போனை பெஞ்சில் சாய்த்து வை. பாட்டு கேட்கணும். பிரசங்கத்தில் அத்தான் தூங்கினால், கேமராவை அந்தப் பக்கம் திருப்பு.

அன்புடன்,
உன் தங்கை