ஏழு நாளிலை சிசிலியை முடிக்கப் போற மருமோனுக்கு

மருமோன், நீ வட்ஸ்அப்பிலை அனுப்பின எக்செல் அட்டவணை வந்து சேர்ந்தது. வடிவாக் கிடக்கு. பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு நிறமும் பூசியிருக்கிறாய். ஏழு நாள், பதினெட்டு இடம், ஒவ்வொண்டுக்கும் மணியும் நிமிசமும். மாமியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலையிருந்து கீழை மட்டும் பாத்தவ. பாத்திட்டு, "பாவம் பெடியன், எந்த நேரம் கக்கூசுக்குப் போறான் எண்டு இதிலை காணேல்லை" எண்டா.

நான் குறை சொல்லேல்லை. கெட்டிக்காரன் போட்ட அட்டவணைதான். எங்கட ஊர்க் கோயில்லை கொடியேத்தம் தொடங்கித் தேர், தீர்த்தம், பூங்காவனம் எண்டு எல்லாத்தையும் ஒரே இரவிலை செய்து, வைரவர் மடையோடை சனத்தை வீட்டை அனுப்பிற மாதிரிக் கிடக்கு. ஒரு திருவிழாவும் குறையாது. கும்பிடத்தான் ஒருத்தருக்கும் நேரம் இராது.

இந்த முதல் நாளைப் பார். காலமை பலேர்மோவுக்குப் பக்கத்திலை மொன்றியாலே தேவாலயம். மத்தியானம் அக்ரிஜெந்தோவிலை கிரேக்கக் கோயில்கள். இரவுச் சாப்பாடு சிராக்கூசாவிலை. உதென்ன மோனை, சிசிலியைச் சுத்தி மதில் கட்ட அளவெடுக்கப் போறியோ? மத்தியதரைக் கடலிலை இதைவிடப் பெரிய தீவு இல்லை. 25,700 சதுர கிலோமீற்றர். இலங்கையை அஞ்சாப் பிரிச்சால் ரெண்டு பங்கு இது. பலேர்மோவிலையிருந்து அக்ரிஜெந்தோவுக்குக் காரிலை ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை. அங்கையிருந்து சிராக்கூசாவுக்கு இன்னொரு மூண்டு. கூகிள் இதைவிடக் குறைச்சுச் சொல்லும். கூகிளுக்கு முன்னாலை ஆட்டு மந்தை குறுக்கை வாறேல்லை.

மொன்றியாலேக்கு நீ குடுத்த நேரம் 40 நிமிசம். ரெண்டாம் வில்லியம் எண்ட நோர்மன் ராசா 12ஆம் நூற்றாண்டிலை கட்டினது. உள்ளுக்குச் சுவர் முழுக்கத் தங்கமும் கண்ணாடியும் பதிச்ச சித்திரம், 6,000 சதுர மீற்றருக்கு மேலை. படைப்புக் கதை, நோவாவின்ரை பெட்டகம், பெருங்கண்ணோடை மேலையிருந்து பாக்கிற யேசு எல்லாம் கிடக்கு. உன்ரை கணக்குக்கு நிமிசத்துக்கு 150 சதுர மீற்றர் பாக்க வேணும். ஓடு மருமோன், ஓடு. கழுத்துச் சுளுக்கினால் மாமியிட்டை நல்லெண்ணெய் இருக்கு.

சரி, தூரத்தை விடுவம். நீ வாற மாதம் எது? ஓகஸ்ட் நடுப்பகுதி. ஏன் எண்டு கேட்டால், "அப்பதான் வெய்யில் நல்லா இருக்கும் மாமா" எண்டு எழுதியிருக்கிறாய். வெய்யில் நல்லாத்தான் இருக்கும். 2021 ஓகஸ்ட் 11ஆம் திகதி சிராக்கூசாப் பக்கம் 48.8 பாகை அடிச்சது. ஐரோப்பாக் கண்டத்திலை அளந்த வெய்யில்லை அதுதான் பெரிசு எண்டு உலக வானிலைக்காரரே முத்திரை குத்திப் போட்டினம். நாங்கள் வெய்யில்லை பிறந்த சாதி எண்டு வீரம் கதையாதை. வெய்யில்லை பிறந்தது கொப்பர். நீ பிறந்தது ஸ்காபரோவிலை.

அதோடை ஓகஸ்ட் 15 மாதா பெருநாள். அண்டைக்கு நாடே கடற்கரையிலை. பலேர்மோ வெறிச்சோடிப் போகும். மொந்தெல்லோக் கடற்கரையிலை துவாய் விரிக்க இடம் கிடைச்சால் அது மாதா செய்த புதுமை. ஏப்பிரல் கடைசியிலை வா, மேயிலை வா, இல்லாட்டி செப்டம்பர் கடைசி, ஒக்டோபரிலை வா. ஒக்டோபரிலையும் கடல் சூடு ஆறியிராது, வழி நெடுக நாகதாளிப் பழம் சிவந்து கிடக்கும். "பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்" எண்டு மட்டும் சொல்லிப்போடாதை. உன்ரை பிள்ளைக்கு ரெண்டு வயசு.

மத்தியானம் ஒண்டு தொடக்கம் நாலு மட்டும் நீ அட்டவணையிலை அஞ்சு இடம் போட்டிருக்கிறாய். அந்த நேரம் கடை பூட்டு. கன தேவாலயமும் பூட்டு. நான் இஞ்சை பலேர்மோவிலை கனகாலம் ஒரு கிழவரைப் பராமரிச்சனான். பழைய பள்ளிக்கூட வாத்தியார், தங்கமான மனிசன். மத்தியானம் சாப்பிட்டுக் கட்டில்லை சாய்ஞ்சார் எண்டால் கடவுள் வந்து மணியடிச்சாலும் கதவு திறக்க விடமாட்டார். "அவருக்கு வேலையிருந்தால் அஞ்சு மணிக்கு வரட்டும்" எண்டுவார். தொண்ணூறு தாண்டி இருந்தவர். நீ அந்த நேரம் பிள்ளையைத் தள்ளுவண்டிலிலை வைச்சுக்கொண்டு பூட்டின கதவுகளைப் படம் எடுக்கப் போறாய். எடு, இஞ்சத்தைக் கதவுகள் வடிவுதான்.

இனி மூண்டாம் நாள். "கோர்லியோனே, கோட்ஃபாதர் படம் எடுத்த ஊர்" எண்டு சிவப்பு நிறத்திலை போட்டு மூண்டு நட்சத்திரமும் குத்தியிருக்கிறாய். படம் அங்கை எடுக்கேல்லை, ராசா. 1972இலை வந்த அந்தப் படத்தின்ரை சிசிலிக் காட்சிகள் எடுத்தது தீவின்ரை மற்றக் கரையிலை, மெசினாப் பக்கம் சவோக்கா எண்ட மலைக் கிராமத்திலை. பொம்பிளை கேட்டுப் போய் இருக்கிற அந்த மதுக்கடை இப்பவும் அங்கை இருக்கு, பந்தலோடை. கோர்லியோனேயிலை போய் நீ அந்தப் பந்தலைத் தேடினால் அந்த ஊர்ச் சனம் உன்னை ஒரு மாதிரிப் பாக்கும்.

இந்த விசயத்திலை மட்டும் மாமா பகிடி விடேல்லை. நீ இறங்கப் போற விமான நிலையத்துக்குப் பேர் ஃபல்கோனே-போர்செல்லினோ. ரெண்டு பேரும் மாஃபியாவைக் கூண்டிலை ஏத்தின நீதவான்கள். 1992 மே 23, விமான நிலையத்திலையிருந்து நகரத்துக்கு வாற பெருந்தெருவிலை, கப்பாச்சி எண்ட இடத்திலை, தெருவுக்குக் கீழை குண்டு வைச்சு ஃபல்கோனேயையும் மனிசியையும் மூண்டு காவல்காரரையும் கொண்டாங்கள். 57 நாள் கழிச்சுப் போர்செல்லினோ, தாயைப் பாக்கப் போன வாசல்லை, அவரோடை அஞ்சு காவல்காரர். நீ வரேக்கை அந்தத் தெருவின்ரை ரெண்டு பக்கமும் நினைவுத் தூண் நிக்கும், பார். நாங்கள் குண்டுக்குப் பயந்து வந்து சேர்ந்த ஊரிலை அந்த வருசம் குண்டு வெடிச்சது. எங்கட தெருச் சனம் சன்னலுகளிலை வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு, "காணும்" எண்டு எழுதி வைச்சது. நானும் பாத்துக்கொண்டு நிண்டனான். அதாலை, தொப்பிக்காரன் துவக்கோடை நிக்கிற ரீசேட் ஒண்டு ரெண்டு யூரோ மலிவாக் கிடக்குது எண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு என்ரை வீட்டு வாசல்ப்படி ஏறாதை. சாமான் வாங்க வேணுமெண்டால், கப்பம் குடுக்க மாட்டம் எண்டு கதவிலை ஒட்டி வைச்ச கடைகள் இருக்கு. 2004இலை இளம் பெடியள் கொஞ்சப்பேர் தொடங்கின இயக்கம் அது. கப்பம் எண்டால் என்ன எண்டு உனக்கு விளங்காட்டி கொப்பரைக் கேள், விளக்கமாச் சொல்லுவார்.

எற்னா மலைக்கு நீ குடுத்தது அரை நாள். 3,300 மீற்றருக்கு மேலை உயரம், உயிரோடை இருக்கிற எரிமலை. 2,500 மீற்றர் மட்டும் கம்பிக் கூட்டிலை ஏத்தி விடுவினம். கீழை கட்டானியாவிலை வேர்க்கும், மேலை ஓகஸ்ட்டிலும் பல்லுக் கிட்டும். நீ பாட்டாச் செருப்போடை போறாய் எண்டு நினைக்கிறன். 1669இலை அது கக்கின குழம்பு கட்டானியா மதில் மட்டும் வந்து உள்ளுக்கும் புகுந்தது. 1693இலை பூமி அதிர்ந்து மிச்சத்தையும் விழுத்திச்சுது. இப்ப நீ படம் எடுக்க வாற நோத்தோ, மோதிக்கா, ரகூசா எல்லாம் அதுக்குப் பிறகு எழுப்பின அலங்காரம். எற்னா நினைச்சால் சாம்பலைத் துப்பும், கட்டானியா விமான நிலையத்தைப் பூட்டுவினம். அதுக்கு உன்ரை எக்செல் தெரியாது. ஆகவே கிழக்கை விடு. கிழக்குக்கு இன்னொருக்கா வா, இல்லாட்டி மேற்கை விட்டிட்டுக் கிழக்கை மட்டும் பார். ரெண்டையும் ஒரு கிழமைக்குள்ளை அமத்தினால் உனக்கு ஞாபகம் நிக்கப் போறது பெற்றோல் ஷெட்டுகள்தான். மாமா மேற்கிலை இருக்கிறன் எண்டதுக்காகச் சொல்லேல்லை. கொஞ்சம் அதுக்காகவும்தான்.

பலேர்மோவிலை மூண்டு நாள் கார் எடாதை. பழைய நகரத்துக்குள்ளை அனுமதி இல்லாமல் கார் நுழைஞ்சால் கமெரா படம் பிடிக்கும். அந்த நேரம் ஒருத்தரும் மறிக்கமாட்டினம். நீ ரொறன்ரோ போய், பனி தள்ளிக்கொண்டு நிக்கேக்கை கடிதம் வரும், வாடகைக் கொம்பனியின்ரை கூலியும் சேத்து. அதைவிட, கார் விட இடம் தேடினால் ஒருத்தன் எங்கையிருந்தோ வந்து கையைக் காட்டி, நீ ஏற்கெனவே கண்ட இடத்தை உனக்கே காட்டித் தந்திட்டுச் சில்லறை கேப்பான். நட. பல்லரோச் சந்தைக்கு நட. மண்ணீரலை அவிச்சுக் கொழுப்பிலை பொரிச்சு வட்டப் பாணுக்குள்ளை வைச்சுத் தருவாங்கள். முகத்தைச் சுளியாமல் எலுமிச்சம்புளி விட்டுத் தின். பிள்ளை, அதுதான் உன்ரை மனிசி, சைவமெண்டால் கடலைமாப் பொரியல் இருக்கு, கத்தரிக்காயும் புளிப்புமாக் கப்பொனாத்தா இருக்கு. மாமி எல்லாத்துக்கும் உறைப்புக் காணாது எண்டு சொல்லிச் சொல்லியே ரெண்டாம் தரம் போடுவா. கோப்பியை நிண்டு குடி. கதிரையிலை இருந்தாய் எண்டால் கதிரைக்கும் காசு.

இப்ப ஒண்டு கேக்கிறன். பதினெட்டு இடம் போட்டனி, பெல்லெக்றீனோ மலை எங்கை? பலேர்மோவுக்கு மேலை 600 மீற்றர் உயரமான மலை அது, அதிலை ஒரு குகைக்குள்ளை சாந்தா ரொசாலியா இருக்கிறா. 1624இலை கொள்ளை நோய் வந்து நகரம் செத்துக்கொண்டிருக்கேக்கை அவவின்ரை எலும்பை அந்த மலையிலை கண்டெடுத்து ஊர்வலம் கொண்டுபோச்சினம், நோய் அடங்கினது எண்டு சனம் நம்புது. ஞாயிறிலை போய்ப் பார், எங்கட ஆக்கள்தான். வேதக்காரரும் நிப்பினம், திருநீறு பூசினவையும் நிப்பினம். குகைக் கூரையிலை கல்லுக்குள்ளாலை தண்ணி கசியும். அது ஆக்களின்ரை தலையிலை சொட்டாமல் தகரப் பீலி பொருத்தி ஒரு பக்கமா ஓட விட்டிருக்கினம். அந்தத் தண்ணியைத் தொட்டுக் கண்ணிலை ஒத்துறது வழக்கம். உனக்குக் கலியாணம் சரிவராமல் இழுபட்டுக்கொண்டு கிடக்கேக்கை கொம்மா இஞ்சை வந்து அந்த மலைக்குக் கால்நடையா ஏறி நேத்தி வைச்சவ. நீ கட்டி, பிள்ளையும் நடக்குது. நேத்தி இன்னும் கடன். கடன்காரனுக்கு அட்டவணையிலை இடமில்லை எண்டால் நான் என்ன சொல்ல.

மலைக்கு ஒரு காலமை. பலேர்மோவுக்கு மூண்டு நாள், மொன்றியாலேக்குப் பாதி நாள். பிறகு காரை எடு. கனடா லைசென்ஸோடை சர்வதேச அனுமதிப் புத்தகமும் வேணும், இப்பவே எடுத்து வை. எடுத்து நேரே அக்ரிஜெந்தோவுக்கு விடு. கொன்கோர்தியாக் கோயில் கி.மு. 5ஆம் நூற்றாண்டு. கி.பி. 6ஆம் நூற்றாண்டிலை அதைத் தேவாலயமா மாத்தினபடியாலைதான் தூண் விழாமல் நிக்குது. பக்கத்திலை இருந்ததுகள் கல்லாக் கிடக்குது. பின்னேரம் போ, கோடையிலை இருட்டினாப் பிறகும் திறந்திருக்கும்.

ஆனால் நீ கோயிலைப் பாத்திட்டு வெளிக்கிட்டிடுவாய். அதுக்குக் கீழை பள்ளத்திலை ஒரு தோட்டம் இருக்கு, கொலிம்பேத்ரா. முதலிலை கிரேக்கர் காலத்துக் குளம். பிறகு தூர்ந்து தோட்டமாச்சு. கவனிக்க ஆளில்லாமல் காடு பத்திக் கிடந்ததை 1999இலை பொறுப்பெடுத்துத் திரும்பச் செய்து விட்டிருக்கினம். தோடை, எலுமிச்சை, ஒலிவ் எல்லாம் நிக்குதாம். தண்ணி எங்கையிருந்து எண்டு நினைக்கிறாய்? அந்தக் காலத்திலை கல்லைக் குடைஞ்சு வெட்டின சுரங்க வாய்க்காலாலை இப்பவும் வருது. வாய்க்காலை மண் வெட்டிக் கட்டி, பாத்தி பாத்தியாத் திருப்பி இறைக்கிற முறை அரபுக்காரர் கொண்டு வந்தது. துலாவிலை ஏறி மிதிச்சு வெங்காயத்துக்கு இறைச்ச மனிசனுக்கு இதைக் கேட்டால் கால் உளையாதோ? இஞ்சை வந்த நாள் தொடக்கம் எனக்கு ஞாயிறுதான் ஓய்வு. ஞாயிறிலை ஒண்டு மலை, இல்லாட்டிச் சாவீடு, கலியாண வீடு. போகக் கிடைக்கேல்லை.

வாடகைக் கார் எடுக்கேக்கை சின்னனா எடாதை, நான் விசாரிச்சு வைச்சிருக்கிறன், அஞ்சு சீற் உள்ளது அவ்வளவு வித்தியாசமில்லை. நீ ஓட்டுவாய், மனிசி முன்னுக்கு, குழந்தையின்ரை கதிரை பின்னுக்கு. மிச்சம் ரெண்டு கிடக்கு. நெருக்கந்தான், நாங்கள் ஒடுங்கி இருப்பம். மாமிக்குச் சன்னல் கரை வேணும், வளைவிலை தலை சுத்தும். கட்டுச்சோறு எங்கட பொறுப்பு, பெற்றோல் உன்ரை.