ஏணிக் கேப்டன்

டிரினிடாட் தீவின் வடமேற்கு முனையில், போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரத்துக்கு மேற்கே, சாகுவராமஸ் என்ற கடற்கரை இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது அமெரிக்கக் கடற்படை குத்தகைக்கு எடுத்துத் தளம் அமைத்திருந்த இடம். இன்றோ, உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்ட பாய்மரப் படகுகள் அங்கே இரும்பு முட்டுகளின் தயவில், தரையில், வரிசை வரிசையாக நின்றுகொண்டிருக்கின்றன. கரீபியக் கடலுக்கு ஜூன் முதல் நவம்பர் முடியச் சூறாவளிப் பருவம். டிரினிடாட், சூறாவளிகள் வழக்கமாகச் செல்லும் பாதைக்குத் தெற்கே ஒதுங்கியிருப்பதால், படகுக்காரர்கள் அந்த ஆறு மாதமும் இங்கே வந்து அடைக்கலம் புகுந்து, புகுந்த சாக்கில் படகைக் கரையேற்றி, அடிப்புறத்தைச் சுரண்டி வர்ணம் பூசிக்கொண்டு போவது சம்பிரதாயம். இந்த உத்தமமான ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை: அந்த மாதங்களேதாம் தீவுக்கு மழைக்காலம். காற்றுக்கு அஞ்சி மழையில் வந்து நின்று, பூசிய வர்ணம் காயவில்லையே என்று ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் அந்த ஜன சமூகத்தின் உத்தமப் பிரதிநிதிதான் ஏணிக் கேப்டன்.

அவர் பிறவி மாலுமியல்லர். ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர்ந்த நகரத்தில் கௌரவமான உத்தியோகம் பார்த்து, சொந்த வீட்டில் மனைவியோடும் இரண்டு குழந்தைகளோடும் வாழ்ந்தவர். ஆனால் அந்த வீட்டுக் கூரை, ஓரிடத்தில் அடைத்தால் வேறோரிடத்தில் ஒழுகிற்று. குழாயைச் சரிசெய்தால் வெந்நீர்க் கொதிகலன் படுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையைப் படைத்ததே மராமத்துக்காகத்தானோ என்ற விரக்தி முற்றி, ஒரு நாள் வீட்டை விற்று, அந்தப் பணத்துக்கு நாற்பதடிப் படகொன்றை வாங்கி, மராமத்து என்ற பேச்சே இனி நம் குடும்பத்தில் கிடையாது என்று பிரதிக்ஞை செய்துகொண்டு சமுத்திரத்தில் இறங்கிவிட்டார். கூரை ஒழுகினால் பாத்திரம் வைக்கலாம், தரை ஒழுகினால் எதை வைப்பது என்று அன்று அவரை யாரும் கேட்கவில்லை. மனைவி கேட்டிருக்கக்கூடும், அதற்குள் வீட்டுக்குக் கிரயப் பத்திரம் முடிந்துவிட்டது.

சாகுவராமஸில், சக்கரக் கால்களில் நடந்துவரும் பிரம்மாண்டமான பளுதூக்கி, அகன்ற வார்களில் படகை ஏந்தித் தண்ணீரிலிருந்து தூக்கும்போது, அதுவரை கடல் மறைத்து வைத்திருந்த பாசியும் கொட்டலசும் பகிரங்கமாகிவிடுகின்றன. கொட்டலசு சாமானிய ஜந்துவல்ல. இளம்பருவத்தில் கடலில் நீந்தித் திரிந்து, மனத்துக்குப் பிடித்த இடமாகப் பார்த்துத் தலையைப் பசைபோட்டு ஒட்டிக்கொண்டு, மிச்ச ஆயுளைக் காலால் இரையை வாரித் தின்றே கழித்துவிடும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் இதை ஆராய்ந்தார். அதைப் பார்த்தே வளர்ந்த அவருடைய குழந்தைகளில் ஒன்று, அயல்வீட்டுப் பெரியவரைப் பற்றி, 'அவர் தம்முடைய கொட்டலசு வேலையை எங்கே வைத்துச் செய்கிறார்?' என்று விசாரித்ததாகச் சொல்வார்கள். ஏணிக் கேப்டனின் குழந்தைகளும், தகப்பனார் என்றால் முகமூடி அணிந்து, மல்லாந்து கிடந்து, உப்புத்தாளால் படகின் அடியைத் தேய்த்து உடம்பெல்லாம் நீலமாகிறவர் என்றே நம்புகிறார்கள். கொட்டலசு ஒட்டாதிருக்கப் பூசிய வர்ணத்தின் அந்த நீலத்தூள் தாமிரம் கலந்த விஷமாகையால், குழந்தைகளைக் கிட்டே விடுவதில்லை. முன்பு வெள்ளீயக் கூட்டுப்பொருள் கலந்த பூச்சொன்று இருந்தது. கடலில் நத்தையினத்தையே கெடுக்கிறதென்று 2008இல் சர்வதேச உடன்படிக்கையால் விலக்கப்பட்டது. அதை ஒரு நாளும் தொட்டறியாத கேப்டன்கூட அதன் மகிமையைப் பெருமூச்சோடுதான் பேசுவார்.

படகு தரைக்கு வந்ததும் குடித்தனம் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. மேல்தளத்துக்கும் பூமிக்கும் பத்துப் பன்னிரண்டு அடி. நடுவே, நுனியைக் கயிற்றால் கட்டிய ஓர் ஏணி. காய்கறியும் காஸ் உருளையும், துவைத்த துணியும், தூங்கிப்போன குழந்தையும் அந்த ஏணி வழியாகவே ஏறவேண்டும். படகிலுள்ள சாதனங்களோ கடலை நம்பிச் செய்தவை. குளிர்பெட்டிக்குச் சூட்டைத் தணிக்கக் கடல்நீர் வேண்டும். ஆகவே அது நின்றுவிட்டது. கழிப்பறையைக் கழுவக் கடல்நீர் வேண்டும். ஆகவே அது பூட்டப்பட்டது. பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தொட்டியில் விட்டால், அது துவாரத்தின் வழியே நேற்றுப் பூசிய வர்ணத்தின் மீதோ, கீழே தேய்த்துக்கொண்டிருக்கும் கேப்டனின் மீதோ இறங்கும். இவ்விரண்டில் முன்னதற்குத்தான் அவர் அதிகமாக வருந்துவார். ஆகவே எல்லாவற்றுக்கும் வாளி. படகுப் பட்டறையின் பொதுக் கழிப்பிடம் வெகு தூரத்திலிருப்பதால், நடுநிசி மழையில் ஏணியிறங்க அஞ்சும் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு வாளி ஏற்பட்டிருக்கிறது. விடியுமுன் அதைப் பிறர் கண்ணில் படாமல் இறக்கிக் கொண்டுபோவது ஒன்றே, கேப்டன் பதவிக்கு இன்று எஞ்சியிருக்கும் அதிகாரம். வழியில் இன்னொரு கேப்டன் இன்னொரு வாளியோடு எதிர்ப்பட்டால், இருவரும் மழையைப் பற்றி மட்டும் இரண்டு வார்த்தை பேசிக் கடந்துபோவது அங்கே மரியாதை.

மேல்கதவில் ஒரு வாடகை ஏசி உறுமிக்கொண்டிருக்க, அடுப்பின் மேல் எஞ்சினின் பாதி உறுப்புகள் குடியேறியிருக்க, அம்மையார் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சமையல் இயலாத நாளில் சாலையோரத்து 'டபிள்ஸ்' கைகொடுக்கிறது. 1845 தொடங்கிக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த இந்தியர்களின் சந்ததியார், பொரித்த மெல்லிய ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் கறியை வைத்துக் காகிதத்தில் சுற்றித் தரும் அமிர்தம் அது. படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளை எதற்குப் பொருத்துகிறார்கள் என்று பாடத்தினிடையே அம்மையார் கேட்க, ஒன்பது வயதுப் பெண், 'படகைத் தள்ளும் விசிறியை உப்புத் தண்ணீர் அரிக்காமல் இருக்க, துத்தநாகம் தான் கரைந்து அதைக் காப்பாற்றுகிறது, அம்மா. நம் வீட்டில் நீ இருக்கிறாயே, அதுபோல' என்றதாம். அன்று பாடம் அதோடு முடிந்தது.

கேப்டனோ, வந்த அன்றே 'ஒரு வாரத்து வேலை' என்று அறிவித்தவர். வர்ணம் பூசச் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் கண்ணாடியிழைக்குள் நீர் கோத்துக் கொப்புளங்கள் தெரிந்தன. கொப்புளங்களைத் திறந்தார், அவை உலர மாதக்கணக்காகும் என்றார்கள். உலரும் வரையில் சும்மா இருப்பானேன் என்று சுக்கானைக் கழற்றினார். கழற்றிய சுக்கானுக்கு மாற்று உறுப்பு வேறு கண்டத்திலிருந்து வரவேண்டியிருந்தது. இடையே அயலார் ஏணிகளின் அடியில் நடக்கும் மகாநாடுகளுக்கும் போகவேண்டும்; அங்கே ஒருவர் வைத்தியம் சொன்னால் நால்வர் மறுப்பார்கள்; மறுத்தவர்களின் படகுகளும் இறங்கியபாடில்லை.

எனக்கென்னவோ, அவருக்கு இதில் அந்தரங்கமான ஆனந்தம் இருப்பதாகவே படுகிறது. கடலில் அவர் காற்றுக்கும் அலைக்கும் கைகட்டிச் சேவகம் செய்தவர்; இங்கேதான் ஸ்பானரும் கையுமாக ஒரு பிரபஞ்சத்தைச் சிருஷ்டித்துக்கொண்டிருக்கிறார். நாள் கடந்தது என்று யாராவது சொன்னால், உலகத்தை முதன்முதலில் தனியாகப் படகில் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகம், தமது 'ஸ்ப்ரே' படகைப் புதுப்பிக்கவே பதின்மூன்று மாதம் எடுத்துக்கொண்டார் என்பார். அதற்கு முன்பே ஸ்லோகம் பிரேசிலில் கப்பலை இழந்து, மனைவி மக்களோடு கரையில் தங்கி, 'லிபெர்டாடே' என்ற படகைக் கட்டி, 1888இல் அதில் குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்த கதையையும் விஸ்தாரமாகச் சொல்வார். அம்மையாரும் அந்தச் சரித்திரத்தைப் படித்தவர்தாம். 1895இல் 'ஸ்ப்ரே' புறப்பட்டபோது ஸ்லோகத்தின் மனைவி அதில் ஏறவில்லை என்பதை மட்டும் வாளியைக் கீழே இறக்கிக்கொண்டே நினைவூட்டுவார்.

உங்களில் யாராவது அந்தப் பக்கம் போக நேர்ந்தால், காலணியை ஏணியடியில் கழற்றிவிட்டு, படகின் பக்கத்தைத் தட்டி, அனுமதி கேட்டு ஏறுங்கள். பழங்கள் கொண்டுபோனால் குழந்தைகள் சந்தோஷப்படுவார்கள். கேப்டன் ஸ்பானர் கேட்டால் கொடுக்கலாம், திரும்பி வராது என்று தெரிந்தே கொடுக்கவேண்டும். ஆனால், படகை எப்போது தண்ணீரில் இறக்கப்போகிறீர்கள் என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள். அவர் 'அடுத்த வாரம்' என்பார். அதைக் கேட்ட அம்மையாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த ஏணியில் பின்பக்கமாக இறங்குவது மிகவும் கஷ்டம்.