பொருள்: பீரோ சாவி கோருதல் – தொடர்பாக

பெறுநர்
உயர்திரு முதல்வர் அவர்கள்,
மின் சோதனைப் பணியாளர் பயிற்சி நிலையம்.

பார்வை: தாங்கள் கையொப்பமிட்டு எனக்கு வழங்கிய ‘செய்முறை – மிக நன்று’ சான்றிதழ்.

அய்யா,

பார்வையில் காணும் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். ஆணி அடித்தது நானேதான். தங்கள் பயிற்சி தொடர்பாக நான் கையால் செய்த ஒரே வேலை அது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் பாடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 5 கிலோவோல்ட் மெக்கர் கண்ணாடிப் பீரோவுக்குள் இருந்தது. நாங்கள் வெளியே இருந்தோம். காலிபரேஷன் தேதி முடிந்துவிட்டது, தொடக்கூடாது என்றார்கள். கைப்பிடி மெக்கரை நிமிடத்துக்கு 160 சுற்று சுற்ற வேண்டும் என்று பாடத்தில் இருந்ததால், இருபது பேரும் வரிசையாக நின்று காற்றில் சுற்றினோம். ஒருவன் வாட்ச் பார்த்து எண்ணினான். “மாவாட்டுற மாதிரி இருக்குடா” என்று சிரித்தவனுக்கு இரண்டு மார்க் போயிற்று. சுற்றி முடித்ததும் பயிற்றுநர், “இன்சுலேஷன் எப்படி?” என்றார். “நல்லா இருக்கு சார்” என்றோம். ரெக்கார்டு நோட்டிலும் அப்படியே ஏறியது.

எண்ணெய்ச் சோதனை இன்னும் சுருக்கம். டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் எத்தனை கிலோவோல்ட் தாங்கும் என்று பார்க்க, இரண்டு மின்முனைகளுக்கு நடுவே 2.5 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும். அதை அளக்கும் கேஜும் பீரோவில்தான். பயிற்றுநர் இரண்டு விரலைச் சேர்த்து “இவ்வளவுதான்” என்று காட்டினார். கடைசி பெஞ்சுக்கு அது சாம்பாருக்குப் பெருங்காயம் கிள்ளுகிற அளவாகத் தெரிந்தது.

இப்போது எனக்கு 110/11 கிலோவோல்ட் துணைமின் நிலையத்தில் வேலை. முதல் வாரமே ரிலே சோதனை. லைனில் லோடு ஓடும்போது, ரிலேவுக்குக் கரண்ட் தரும் சி.டி.யின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியைத் திறந்துவிடக் கூடாது என்பது தங்கள் தேர்வில் இரண்டு மார்க் கேள்வி. காரணமும் எழுதியிருந்தேன்: செகண்டரியில் சுற்று அறுந்தால் பிரைமரி கரண்ட் முழுக்க இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்கப் போய்விடும்; திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறும். இரண்டுக்கு இரண்டு. ஆனால் பேனலைத் திறந்தால் வரிசை வரிசையாக ஒரே மாதிரித் திருகுகள். எது சி.டி. ஒயர் என்று கேள்வித்தாளில் இல்லையே!

ஸ்க்ரூடிரைவரை ஒன்றில் வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். “தம்பி, முதல்ல லிங்க்கைப் போட்டு ஷார்ட் பண்ணு. அப்புறம் கழட்டு.”

அவரிடம் தங்கள் சான்றிதழ் கிடையாது. மெக்கர் வைத்துச் சோதித்த காயிலை எர்த் செய்து மின்னேற்றத்தை இறக்காமல் தொடக்கூடாது என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அங்கே காற்றில் சுற்றியதால் எங்களுக்கு அந்தப் பிரச்சினை வரவில்லை.

அடுத்த அணி வருகிற திங்கட்கிழமை சேர்கிறது. அதில் என் அக்கா மகனும் ஒருவன். அதற்குள் பீரோவைத் திறக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சாவி தொலைந்திருந்தால் சொல்லுங்கள். பூட்டை உடைக்க ஆள் அனுப்புகிறேன். கூலி நான் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ‘மிக நன்று’ மாணவன்