மதுரைச் சுல்தானின் சகலன்

1344ஆம் ஆண்டு. மாலைதீவிலிருந்து மூன்று நாளில் மதுரைச் சுல்தானின் கரையைத் தொடவேண்டிய கப்பல், ஒன்பது நாள் கடலில் தடுமாறிவிட்டு நம்ம இலங்கைக் கரைக்கு வந்து நின்றது. மாலுமிகளுக்கு ஈரக்குலை நடுங்கியது. இது ஆரியச் சக்கரவர்த்தியின் துறை, ஆள் பொல்லாதவன், கொள்ளைக் கப்பல் வைத்திருப்பவன், இறங்கவே கூடாது என்றார்கள்.

கப்பலிலிருந்த மொரோக்கோக்காரர் இப்னு பதூதா மட்டும் அசரவில்லை. கரைக்குப் போய் ஒரே பெயரைச் சொன்னார்: மதுரைச் சுல்தான் கியாசுத்தீன் தாமகானி என் சகலன், கப்பலில் இருப்பதெல்லாம் அவருக்குப் போகிற அன்பளிப்பு. சகலன் என்றது மெய்தான். டில்லியில் இவர் கட்டிய பெண்ணின் சகோதரியைத்தான் தாமகானி கட்டியிருந்தார். நாம் பேஸ்புக்கில் நட்புக் கோரிக்கை அனுப்புகிற வேகத்தில் நிக்காஹ் செய்தவர் இப்னு பதூதா. மாலைதீவில் மட்டும் நாலு.

பெயர் வேலை செய்தது. பத்தாலாவுக்கு, அதாவது நம்ம புத்தளத்துக்கு, அழைப்பு வந்தது. போனால் ராசாவுக்குப் பாரசீகம் விளங்குகிறது! எந்த டியூட்டரியிலும் படித்திருக்க மாட்டார். முத்து விற்கிறவனுக்கு வாங்குகிறவன் பாஷை வராமல் தீராதே.

ராசா முத்துகளைக் காட்டி, பாரசீகக் குடாவின் கைஸ் தீவில் இப்படி உண்டா என்று கேட்டார். அங்கே இதைவிட மட்டமானதைத்தான் பார்த்தேன் என்றார் விருந்தாளி. உடனே அத்தனையும் அவருக்கே! இன்றைக்கு யூடியூப்காரர்களுக்குக் கடைக்காரர்கள் சும்மா சாமான் அனுப்புவது இதே கணக்கில்தான்.

இன்னும் என்ன வேண்டும் என்றதற்கு, பாவா ஆதமின் பாதமலை பார்க்கவேண்டும் என்றார். ராசா ஒரு பல்லக்குக் கொடுத்தார். துணைக்கு வருடாவருடம் அங்கே போய்வரும் நாலு யோகிகள், மூன்று பிராமணர்கள், பத்துத் துணையாட்கள், சுமைக்குப் பதினைந்து பேர். தலைமையில் காதியான இப்னு பதூதா! இந்தக் கூட்டத்தை இன்று ஒரே வட்ஸ்அப் குழுவில் போட்டால் விடிவதற்குள் பாதிப்பேர் வெளியேறியிருப்பார்கள். அவர்களோ மலை ஏறி இறங்கி வந்தார்கள். இறங்கவே பயந்த கப்பல் தலைவன், ஒரு வருடமானாலும் காத்திருப்பேன் என்று ராசா வீட்டுச் சோற்றில் உட்கார்ந்துவிட்டான்.

இலங்கையை விட்டுக் கிளம்பிய பிறகு மலபார்க் கடலில் மெய்யான கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். ராசா கொடுத்த முத்தெல்லாம் போனது. உடம்பில் மிஞ்சியது காற்சட்டை மட்டும். பெயரைச் சொல்லித் தப்பலாம் என்றால், அதற்குள் சகலன் மதுரையில் மௌத்தாகியிருந்தார்.