ஃபோர்மேன் பார்த்ததும் கலர் சொல்வதும்

எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தேன். ஆட்களிடம் வேலை வாங்குவது எப்படி என்று அப்போது யாரும் வகுப்பு எடுக்கவில்லை. எங்கள் ஃபோர்மேனைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். காலையில் டிராயிங்குகளோடு ஒவ்வொரு மெஷினாக வருவார். ஒரு டர்னரிடம், "இது யாருக்கும் சரியா வரலப்பா" என்று மட்டும் சொல்லி ஜாபை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். சாயங்காலத்துக்குள் அது முடிந்திருக்கும். பக்கத்து லேத்துக்காரருக்கு நாலு பேர் காதில் விழும்படி ஒரு பாராட்டு போதும். மில்லிங்கில் இருந்தவர் டாலரன்ஸ் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பார். அவருக்கு நின்று விளக்குவார். கிரைண்டிங்காரரை மெஷின் மாற்றுவதென்றால் முந்தின நாளே சொல்லிவிடுவார்.

சவால் விட்டால் துள்ளி எழும் அந்த டர்னருக்கு அப்பா தவறிப்போனார். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவரிடம் ஃபோர்மேன் பழகின புஷ் வேலையையே கொடுத்து வந்தார். "கஷ்டமான ஜாப் எதுவும் வரலையா சார்?" என்று டர்னரே வந்து கேட்ட பிறகுதான் பழையபடி சவால் விட்டார்.

இன்று இதே விஷயம் 'டிஸ்க்' என்ற பெயரில் பயிற்சியாக வருகிறது. கேள்வித்தாளை நிரப்பினால் ஆளுக்கொரு கலர்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். இதற்கு மூலம் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதிய புத்தகம். 'வொண்டர் வுமன்' காமிக்ஸைப் படைத்தவரும் அவர்தான். சுற்றுச்சூழல் தனக்கு அனுகூலமா எதிரா, அதைவிடத் தான் பலசாலியா இல்லையா என்று ஒருவர் உணர்வதைப் பொறுத்தே நடத்தை அமைகிறது என்றார். சூழல் மாறினால் நடத்தையும் மாறும். எங்கள் டர்னருக்கு நடந்தது அதுதான். கேள்வித்தாளை மார்ஸ்டன் தயாரிக்கவில்லை. வால்டர் கிளார்க் போன்றவர்கள் பின்னால் சேர்த்தது அது.

பயிற்சியே வீண் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்த ஆட்கள் அடிக்கடி மாறும் லைனில், ஆளை வருஷக்கணக்கில் பார்த்துப் பழக இன்றைய சூப்பர்வைசருக்கு அவகாசம் இல்லை. தன்னை உசுப்புவது அடுத்தவரை உசுப்பாது என்பதையாவது அது புரியவைக்கிறது. ஆனால் கலர் தெரிந்த பிறகு ஆளைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்படித்தான் ஒருமுறை, புது சிஎன்சி மெஷினுக்கு ஆள் போடும்போது, ஓர் அனுபவசாலியின் பெயரை இளம் இன்ஜினியர் பட்டியலிலிருந்து அடித்திருந்தார். "அவர் பச்சை சார். மாற்றம் பிடிக்காது."

"அவர்கிட்ட கேட்டீங்களா தம்பி?"

கேட்கவில்லை. கையோடு அந்த அனுபவசாலியிடம் அழைத்துப்போனேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கத்துக்க ஆசைதான் சார். திடீர்னு தூக்கிப் போடாம, ரெண்டு நாள் முன்னாடி சொன்னீங்கன்னா போதும்."

அந்த வாரமே அவரை சிஎன்சியில் போட்டோம். ஆஃப்செட்டில் சந்தேகம் வந்தால் பையன்கள் இப்போது அவரிடம்தான் போகிறார்கள்.